வகுப்புரிமை ஆணையும் முஸ்லிம்களும்: இராஜபாளையத்தவர் முதல்வராக இருந்த நாட்கள்

  

அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பம் எழுதும் நம் பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி, படிப்பு ஆகியவற்றை நிரப்பிய பின் 'சமூகம்' என்ற ஓர் இடத்தில் வந்து நிற்கின்றனர். அங்கே எதை எழுதுவது என்று தகப்பனாரைக் கேட்கின்றனர். தகப்பனாருக்குத் தெரியவில்லையென்றால் பள்ளிவாசலுக்கு வருகின்றனர். அந்த ஒரு சிறு கட்டத்திற்குள் நூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றின் மிக நெருக்கடியான மூன்று ஆண்டுகளில் சென்னை மாநிலத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் நம் இராஜபாளையத்துக்காரர் என்பதையும், அதே நாட்களில் நம் சமுதாயத்திற்காகச் சட்ட அவையில் வாதாடியவர் பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர் என்பதையும் இன்றைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும்.

முதலில், அரசு அவைகளிலும் வாரியங்களிலும் இடம் கேட்பது எதற்காக என்று பார்ப்போம். பதவி ஆசைக்காக என்று சிலர் எளிதாகச் சொல்லி விடுகின்றனர். ஒரு நகராட்சியின் வேலைகளை எண்ணிப் பாருங்கள். அம்மை குத்துவது, சாக்கடை, குடிநீர், மருந்தகம், ஆட்டுத்தொட்டி, இவற்றோடு அடக்கத்தலங்களுக்கு அனுமதி வழங்குவதும் அதன் வேலையே. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டத்தின்படி, சுகாதாரத்திற்குக் கேடு என்று கருதப்படும் அடக்கத்தலத்தை மூட உத்தரவிடவும் வழியிருந்தது. காலராவும் பிளேக்கும் ஊர் ஊராகப் பரவிய அக்காலத்தில் ஒரு கபரஸ்தான் தொடர்ந்து இருக்கலாமா, வேறிடத்திற்கு மாற வேண்டுமா என்று தீர்மானிக்கும் மேசையில் முஸ்லிம் ஒருவர் கூட இல்லையென்றால் என்னவாகும்? அங்கே அமர்ந்திருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஜனாஸாவை எரிக்க இயலாது, கபர் தோண்டியே ஆக வேண்டும் என்ற நம் நிலையை எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை என்பதே போதும். இதனால்தான் அக்கால உள்ளாட்சி அமைப்புகளில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், ஒடுக்கப்பட்ட வகுப்பினர், பெண்கள் ஆகியோருக்கு முதலில் நியமனத்தின் வழியாகவும் பின்னர் ஒதுக்கீட்டின் வழியாகவும் இடம் தரப்பட்டது.

1939இல் இராஜாஜி அமைச்சரவையின் காலத்தில், டாக்டர் டி.எஸ்.எஸ். இராஜன் சுகாதாரத் துறையைக் கவனித்தபோது, சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியான சட்டம் அது. மாகாண அளவில் ஒரு பொதுச் சுகாதார வாரியத்திற்கும் அச்சட்டம் இடம் வகுத்தது. அப்படிப்பட்ட வாரியத்தில் உட்காருபவர்கள் பெரும்பாலும் அமைச்சர்களும் துறைத் தலைவர்களுமே. துறைத் தலைவராக வேண்டுமானால் ஒருவர் முதலில் மருத்துவக் கல்லூரியில் நுழைந்திருக்க வேண்டும், அதன்பின் அரசுப் பணியில் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே வாரியத்தில் யார் அமர்வது என்ற கேள்வியின் வேர் விண்ணப்பப் படிவத்தில்தான் இருக்கிறது. இனி அங்கே செல்வோம்.

நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் தொடங்கிய வகுப்புரிமை ஆணை, 1927, 1928ஆம் ஆண்டுகளில், முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது உறுதியான வடிவம் பெற்றது. 12 பணியிடங்களை ஒரு சுற்றாக வைத்துக் கொண்டார்கள். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. மாகாண மக்கள் தொகையில் நாம் 7, 8 விழுக்காட்டளவே இருந்தோம். 12இல் 2 என்பது 16 விழுக்காட்டிற்கும் மேல். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்: தொகையை மட்டும் பார்த்தால் அது தாராளமான பங்கு. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிடைத்த ஒன்றே ஒன்றுதான் அநியாயமான குறைவு.

நாடு விடுதலையடைந்த சில மாதங்களில், 1947 நவம்பரில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது இக்கணக்கு மாற்றப்பட்டது. சுற்று 14 ஆயிற்று. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. நம் பங்கு 7 விழுக்காட்டளவிற்கு இறங்கியது. மக்கள் தொகைக்குச் சற்றேறக்குறையப் பொருந்திய பங்குதான் அது. ஆனால் இந்தப் பட்டியலில் புதிதாகத் தோன்றிய ஒரு சொல்லைக் கவனியுங்கள். பிற்பட்ட 'இந்துக்கள்' என்று எழுதியிருந்தது. பிற்பட்ட நிலை என்பது ஒரு மதத்தின் எல்லைக்குள் வைத்துச் சொல்லப்பட்டது. முஸ்லிம்களுக்கென்று தனி வரிசை இருக்கும் வரையில் இச்சொல் நம்மை ஒன்றும் செய்யவில்லை.

இங்கே ஒரு மார்க்கச் சந்தேகத்தையும் தீர்த்து விட்டுச் செல்வோம். பதவியைக் கேட்டுப் பெறாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர் ஒருவருக்கு அறிவுறுத்திய ஹதீஸ் நாமறிந்தது. அதைக் காட்டி, அரசு வேலைக்கு விண்ணப்பம் போடுவதும் பங்கு கேட்பதும் தக்வாவுக்கு மாற்றமாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஹஸ்ரத் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். பஞ்சம் வரப் போகிறதென்று அறிந்த அவர்கள், களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு மிஸ்ரின் மன்னரிடம் தாமே கேட்டார்கள். காக்கும் திறனும் அதற்கான அறிவும் தமக்கு உண்டு என்று தம் தகுதியையும் எடுத்துரைத்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு விண்ணப்பமே. தகுதியுள்ளவர் கேளாமல் இருந்தால் மக்களின் உரிமை வீணாகும் என்ற இடத்தில் கேட்பது ஆகும் என்று உலமாக்கள் இவ்விரண்டையும் பொருத்தி விளக்கியுள்ளனர். ஆசைக்காகக் கேட்பது வேறு, அமானிதத்திற்காகக் கேட்பது வேறு.

இனி அரசியல் நிர்ணய சபைக்கு வருவோம். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்கள் 1896இல் திருநெல்வேலியில் பிறந்தவர்கள். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார்கள். 1948 மார்ச் 10ஆம் நாள் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைச் சென்னையில் நிறுவினார்கள். அவ்வாண்டின் இறுதியில் அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தார்கள். 1948 நவம்பர் 30ஆம் நாள் அரசுப் பணிகளில் சமவாய்ப்பு பற்றிய பிரிவு விவாதத்திற்கு வந்தது. இன்று அது அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு. போதிய பிரதிநிதித்துவம் பெறாத 'பிற்பட்ட வகுப்பினருக்கு' இடம் ஒதுக்கலாம் என்று வரைவில் இருந்தது. யார் பிற்பட்டவர் என்று அதில் எங்கும் சொல்லவில்லை.

அன்று பலர் பேசினர். 'பிற்பட்ட' என்ற சொல்லை எடுத்து விடலாம் என்றும் கருத்து எழுந்தது. இவ்விதி வழக்கறிஞர்களின் சொர்க்கம் ஆகி விடும் என்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி கேலியாகச் சொன்னார். காயிதே மில்லத் அவர்கள் எடுத்துக் கொண்ட வழி வேறு. சென்னை மாகாணத்தில் அச்சொல் வெறும் அகராதிச் சொல் அன்று, அரசு நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வகுப்பினரைப் பட்டியலிட்டு அவர்களை மட்டுமே குறிக்கப் பயன்படுத்தும் சொல் என்று சபைக்கு விளக்கினார்கள். அப்பொருளில் இங்கும் எடுத்துக் கொண்டால், உண்மையிலேயே பின்தங்கியிருக்கும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இவ்விதியின் நிழலுக்கு வெளியே நின்று விடுவார்கள் என்ற அச்சம் அவர்களுடையது. விவாதத்திற்கு விடையளித்த டாக்டர் அம்பேத்கர், பிற்பட்ட சமூகம் எது என்பதை அந்தந்த மாநில அரசு தீர்மானிக்கட்டும் என்றார். அரசு வரம்பு மீறினால் நீதிமன்றம் இருக்கிறது என்றும் கூறினார். விதி அப்படியே நிறைவேறியது. ஒரு சொல்லின் உள்ளூர்ப் பொருளை அறிந்த ஒருவர் அன்று அந்தச் சபையில் இருந்தார் என்பதைப் பெரிதாகக் கருதுகிறேன். வடநாட்டு உறுப்பினர்கள் பலருக்குச் சென்னையின் பட்டியல் தெரியாது.

அதற்கடுத்த அடி 1949 மே மாதத்தில் விழுந்தது. தனித்தொகுதி முறை 1947 ஆகஸ்டிலேயே நிராகரிக்கப்பட்டு விட்டது. சட்டமன்றங்களில் சிறுபான்மையினருக்கென எஞ்சியிருந்த இட ஒதுக்கீட்டையும் இப்போது கைவிட்டனர். காயிதே மில்லத் அவர்கள் எதிர்த்து வாதாடினார்கள். சர்தார் பட்டேல் ஏற்கவில்லை. அவையில் நம் இடங்கள் போயின. அரசுப் பணியில் 14இல் ஒன்று மட்டும் சென்னையில் மிஞ்சியிருந்தது.

இந்நிலையில்தான் இராஜபாளையத்துப் பூ.ச. குமாரசாமி ராஜா ஆட்சிப் பொறுப்பில் இருக்கிறார். 1949 ஏப்ரல் 6ஆம் நாள் பதவியேற்றார். 1898இல் பிறந்து, பச்சிளம் பருவத்திலேயே தாயையும் சிறு வயதில் தந்தையையும் இழந்து, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். காந்தியவாதி. தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தவர். அதுவே இன்று இராஜபாளையத்தில் காந்தி கலை மன்றமாக நிற்கிறது. அரசின் முத்திரையில் கோபுரம் இடம் பெற்றதும் அதே காலத்தில்தான். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பெரும்பாலோரும், மதுரைக் கோபுரம் என்று சிலரும் சொல்வர். முத்திரையில் எந்த ஊர் இருந்தால் என்ன, அம்முத்திரை பொறித்த நியமன ஆணை யார் வீட்டிற்கு வருகிறது என்பதே மக்களுக்குக் கவலை.

1950 ஜனவரி 26இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களில் செண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண்மணி சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். மருத்துவக் கல்லூரியில் சேர முயன்றபோது, வகுப்புரிமை ஆணையின் காரணமாகத் தமக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்து கொண்டதாக அவர் கூறினார். மாநிலத்தில் அன்று இருந்தவை நான்கு மருத்துவக் கல்லூரிகள். மொத்த இடங்கள் 330. வெளி மாநிலத்தவருக்கு 17, அரசின் விருப்புரிமைக்கு 12 போக, மீதி இடங்கள்தான் 6, 2, 2, 2, 1, 1 என்ற கணக்கில் பிரிக்கப்பட்டன. பொறியியல் கல்லூரிக்காக சீனிவாசன் என்ற மாணவரும் வழக்குத் தொடுத்தார். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரே மாணவர் பக்கம் நின்று வாதாடினார்.

இவ்வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. செண்பகம் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது உச்சநீதிமன்றம் வரை சென்ற பிறகு தெளிவாயிற்று. நம் எழுத்தாளர்கள் சிலர் இதை வைத்து அவரை ஏளனம் செய்கின்றனர். அது முறையன்று. போட்டாலும் கிடைக்காது என்று எண்ணி விண்ணப்பம் போடாமலே ஒதுங்கி விடும் பிள்ளைகள் எல்லாச் சமூகத்திலும் இருக்கின்றனர், நம் சமூகத்தில் அதிகமாகவே இருக்கின்றனர். அந்த மனச் சோர்வு நமக்கு அந்நியமானதன்று.

1950 ஜூலை 27இல் உயர்நீதிமன்றம் வகுப்புரிமை ஆணை செல்லாது என்றது. மாகாணம் கொந்தளித்தது. ஆகஸ்ட் 14ஆம் நாளை வகுப்புரிமை நாளாகக் கடைப்பிடிக்கப் பெரியார் அழைத்தார். குமாரசாமி ராஜாவின் அரசு உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம் அதைத் தள்ளுபடி செய்தது.

செண்பகம் வழக்கைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதே நாளில் அதே நீதிமன்றம் அளித்த மற்றொரு தீர்ப்பை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அதுதான். சென்னை அரசுப் பணித் தேர்வாணையம் மாவட்ட முன்சீப் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரியிருந்தது. காலியிடங்கள் 83. வகுப்புவாரியாக அவை இப்படிப் பங்கிடப்பட்டிருந்தன: அரிஜனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறிஸ்தவர்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்களுக்கு 11. வெங்கடரமணா என்ற பிராமண விண்ணப்பதாரர் வழக்குத் தொடுத்தார். வகுப்புப் பங்கீடு இல்லையென்றால் அவருடைய மதிப்பெண்ணுக்கு அவர் தேர்வாகியிருப்பார் என்பதை அரசுத் தரப்பே ஒப்புக் கொண்டது.

உச்சநீதிமன்றம் என்ன செய்தது? 16ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு பிற்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்க அனுமதிக்கிறது, ஆகவே அரிஜனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும் என்றது. மற்ற வரிசைகள் செல்லா. அதாவது 19உம் 10உம் நின்றன. நம் 5 போயிற்று. கிறிஸ்தவர்களின் 6 போயிற்று. நீதிபதிகள் முஸ்லிம்களுக்கு எதிராக ஏதும் சொல்லவில்லை. அவர்கள் முன் இருந்த ஆணையில் 'பிற்பட்ட' என்ற சொல் 'இந்துக்கள்' என்ற சொல்லோடு ஒட்டிக் கொண்டிருந்தது, முஸ்லிம் என்ற வரிசையின் மேல் அச்சொல் இல்லை. அவ்வளவுதான். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் காயிதே மில்லத் அவர்கள் எந்தச் சொல்லைச் சுட்டிக் காட்டினார்களோ, அதே சொல்லின் மேல்தான் நம் பங்கு தடுக்கி விழுந்தது.

அதன்பின் நடந்தது நாடறிந்தது. தமிழ்நாடு காங்கிரஸின் தலைவராக இருந்த காமராஜரும் சென்னை அமைச்சரவையும் தில்லிக்கு நிலைமையை எடுத்துச் சொன்னார்கள். 1951 மே மாதம் பிரதமர் நேரு அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டு வந்தார். சென்னையில் நடந்தவற்றை அவரே நாடாளுமன்றத்தில் குறிப்பிட்டார். ஜூன் 18இல் அது சட்டமாயிற்று. 15ஆவது பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று அதில் எழுதப்பட்டது. அங்கே 'இந்து' என்ற சொல் இல்லை. குடிமக்கள் என்றே இருக்கிறது.

அதே செப்டம்பரில் குமாரசாமி ராஜா அரசு புதிய ஆணை பிறப்பித்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 15 விழுக்காடு, பிற்பட்டோருக்கு 25 விழுக்காடு, மீதி 60 பொதுப்போட்டி. முஸ்லிம் என்ற தனி வரிசை மறைந்து விட்டது. பிராமணர் வரிசையும் கிறிஸ்தவர் வரிசையும் அவ்வாறே. குமாரசாமி ராஜா முஸ்லிம்களைக் கைவிட்டார் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. தீர்ப்புக்குப் பின் மதத்தின் பெயரால் ஒதுக்க அவருக்கு வழியில்லை. பிற்பட்டோர் என்ற கதவைத் திறந்து வைத்தது அவருடைய அரசே. ஆனால் அக்கதவின் வழியே நம்மில் யார் யார் நுழையலாம் என்று அன்றே முழுமையாகக் கேட்டுத் தீர்க்காதது அக்காலத்து ஆட்சியாளர் எல்லோருடைய குறையும்தான். அடுத்த பொதுத்தேர்தலில் அவரே தோல்வியுற்றார். 1952 ஏப்ரல் 10இல் இராஜாஜி முதல்வரானார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் நின்று வென்றவர் காமராஜர். ராஜா பின்னர் ஒரிசாவின் ஆளுநராக இருந்து, 1957இல் காலமானார்.

நாம் அந்தக் கதவின் வழியே ஒவ்வொரு பெயராக நுழைந்தோம். லெப்பை என்று, அதற்குள் இராவுத்தர், மரைக்காயர் என்று, மாப்பிள்ளை என்று, தூதேகுலா என்று. தக்கண முஸ்லிம்கள் போன்றோருக்கு இன்னும் பிந்தியே இடம் கிடைத்தது. பிற்பட்டோர் பங்கு 1971இல் 31 ஆகவும், 1980இல் 50 ஆகவும் உயர்ந்தது. இடையில் 1979இல் ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேற்பட்டோர் சலுகை பெற முடியாது என்று எம்.ஜி.ஆர். அரசு வரம்பு வைத்து, அடுத்த ஆண்டே விலக்கிக் கொண்டது. 1989இல் மிகவும் பிற்பட்டோருக்கு 20 தனியே பிரிக்கப்பட்டு, பிற்பட்டோருக்கு 30 என்று நின்றது. பெரிய சமூகங்கள் பலவும் போட்டியிடும் அந்த 30க்குள் நம் பிள்ளைகள் பின்தங்கினர். 2007 செப்டம்பரில் கலைஞர் அரசு அந்த 30இலிருந்து 3.5 விழுக்காட்டைப் பிற்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கென்று தனியே ஒதுக்கியது. கிறிஸ்தவர்களுக்கும் அவ்வாறே தந்தது. தங்களுக்கு அதனால் நட்டம் என்று கண்ட கிறிஸ்தவர்கள் 2008இல் அதை வேண்டாமென்று திரும்பக் கொடுத்து விட்டனர். நம்முடையது நீடிக்கிறது.

பட்டியலில் உள்ளவை ஏழு பெயர்கள்: அன்சார், தக்கண முஸ்லிம்கள், தூதேகுலா, லெப்பைகள் (இராவுத்தர், மரைக்காயர் உட்பட, தமிழ் பேசினாலும் உருது பேசினாலும்), மாப்பிள்ளை, ஷேக், சையத். இங்கேதான் நம் வீடுகளுக்கு வேலை இருக்கிறது. சான்றிதழில் 'இஸ்லாம்' என்றோ 'முஸ்லிம்' என்றோ மட்டும் இருந்தால் இந்த 3.5க்குள் வர இயலாது, பொதுப்பிரிவுக்குப் போய் விடும். நிக்காஹ் பதிவேட்டைப் புரட்டிப் பாட்டனாரின் பெயருக்குப் பின்னால் 'இராவுத்தர்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துத் தருமாறு கேட்டு, விண்ணப்பத்தின் கடைசி நாளில் மஃரிபுக்குப் பின் ஓடி வரும் இளைஞர்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். இஸ்லாத்தில் சாதி இல்லையே, பின் ஏன் இப்பெயரை எழுத வேண்டும் என்று சிலர் கோபிக்கின்றனர். தொழுகை வரிசையில் அப்பெயர்களுக்கு இடமில்லை, உண்மை. ஆனால் 1951இல் மதத்தின் பெயரால் இருந்த வரிசை போன பிறகு, சட்டம் நமக்கு விட்டு வைத்த வாசல் இதுதான்.

வேலைகள் இன்று 200 இடங்கள் கொண்ட சுற்றில் நிரப்பப்படுகின்றன. 3.5 விழுக்காடு என்றால் 200க்கு 7. ஓர் அலுவலகத்தில் நான்கைந்து இடங்களே காலியாக இருந்தால் நம் முறை வர ஆண்டுகள் ஆகலாம். 1928இன் 12க்கு 2 என்ற சுற்றில் ஆறு இடங்களுக்கு ஒன்று என்ற அளவில் நம் முறை வந்தது, இன்று ஏறத்தாழ இருபத்தெட்டு இடங்களுக்கு ஒன்று என்ற கணக்கு. ஆயினும் மருத்துவக் கல்லூரிகளில் இச்சிறு பங்கு பெரும் பயனைத் தந்திருக்கிறது. அங்கே இடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன, ஆண்டுதோறும் நிரம்புகின்றன. 1950இல் 330 இடங்களில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை இருபதைச் சுற்றியே இருந்திருக்கும்.

ஏழு பெயர்களில் தங்களுடையது எது என்று அறியாத குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் இன்னும் இருக்கின்றன. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து ஜமாஅத் நிர்வாகிகள் பழைய நிக்காஹ் பதிவேடுகளைப் பூச்சி அரிக்காமல் எடுத்து வைத்து, குடும்பப் பெயர்களைத் தனியே ஒரு நோட்டில் எழுதி வைத்தால், பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு அந்த மாதமே சான்றிதழ் வாங்கி விடலாம். ரமளானுக்கு முன் அந்த வேலையைத் தொடங்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறேன்.